இது யார் வீட்டுப் புத்தகம்?

கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் பொன்னேரியை விட்டால் அடுத்து அனுப்பம்பட்டில் நிற்கும். பிறகு மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆள் ஏற்றிக்கொண்டு, கடைசியில் ‘மூர் மார்க்கெட் வளாகம்’ என்ற இடத்தில் வந்து ஓயும். மீன் கூடைக்காரம்மா முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை தினமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். மார்க்கெட் எங்கே என்று கேட்டால், இளசுகள் பலருக்குத் தெரியாது.

மார்க்கெட் இப்போது இல்லை. 1900-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே மாதம் தீயில் போய்விட்டது. அந்த இடத்தில்தான் ரயில்வே கட்டடம் நிற்கிறது. கிளி, முயல், கிராமபோன் தட்டு, பழைய கோட்டு என்று எல்லாம் கிடைத்த அந்தச் சந்தையில், பழைய புத்தகக் கடைகளுக்குத் தனிப் புகழ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேராசிரியர்களும் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் அங்கே குனிந்து நின்று புரட்டிக்கொண்டிருப்பார்கள். எரிந்தது போக மிஞ்சிய வியாபாரம் பக்கத்திலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனது.

அப்படிப் புரட்டுகிறவர்களில் சிலர் புத்தகத்தின் தலைப்பைக்கூட முதலில் பார்க்க மாட்டார்கள். நேராக அட்டையைத் திறந்து அதன் உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். அங்கே ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருக்கிறதா? தீப்பெட்டி அளவிலோ, தபால் அட்டையில் பாதி அளவிலோ, ஒரு கேடயம், ஒரு சிங்கம், ஒரு கப்பல், கீழே ஒரு பெயர்?

அதற்கு லத்தீனில் ‘எக்ஸ் லிப்ரிஸ்’ என்று பெயர். ‘இன்னாருடைய புத்தகங்களிலிருந்து’ என்று பொருள். நாம் ‘புத்தகச் சீட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். புத்தகம் யாருடையது என்று சொல்வதற்காக, அதன் சொந்தக்காரர் ஓர் ஓவியரிடம் சொல்லி வரைந்து, செதுக்கி, அச்சடித்து ஒட்டிவைத்த காகிதம் இது. புத்தகத்தை விட்டுவிட்டு இந்தக் காகிதத்தை மட்டும் தேடி அலைகிற சேகரிப்பாளர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. கல்யாணச் சீர் வாங்கும்போது பாத்திரக் கடையில் கடைசியாக என்ன கேட்பார்கள்? “பேர் என்ன வெட்டணும்?” அண்டாவிலும் குடத்திலும் எவர்சில்வர் தட்டிலும் புள்ளி புள்ளியாகப் பெயர், ஊர், தேதி எல்லாம் ஏறிவிடும். பாட்டியின் பெயர் வெட்டிய சொம்பு பேத்தி வீட்டுச் சமையலறையில் இன்னும் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும். பாத்திரத்துக்கு நாம் செய்ததைத்தான் ஐரோப்பியர்கள் புத்தகத்துக்குச் செய்தார்கள். அவர்களும் சும்மா பெயர் எழுதியிருக்கலாம். ஆனால் ஓவியரைக் கூப்பிட்டார்கள். அதனால்தான் கதை சுவாரஸ்யமாகிறது.

அச்சில் வந்த புத்தகச் சீட்டுகளில் மிகப் பழையவை ஜெர்மனியைச் சேர்ந்தவை. காலம் 15-ஆம் நூற்றாண்டு. ஒன்று, இக்லர் என்று அழைக்கப்பட்ட ஒரு பாதிரியாருடையது. ஜெர்மன் மொழியில் ‘இகெல்’ என்றால் முள்ளெலி. நம் தெற்கத்திச் செம்மண் தேரிகளில் பந்துபோலச் சுருண்டுகொள்ளுமே, அதன் சொந்தக்காரன். பாதிரியார் தன் பெயரை வைத்தே வேடிக்கை செய்திருக்கிறார்: வாயில் பூவைக் கவ்விய ஒரு முள்ளெலிப் படம், மேலே, ‘உன்னை ஒரு முள்ளெலி முத்தமிடட்டும்’ என்ற பொருளில் ஒரு வரி. புத்தகத்தை எடுத்துப் போய்த் திருப்பித் தராதவனுக்கு இதைவிட நாசூக்கான சாபம் கிடையாது.

இன்னொன்று, சுமார் 1480-ல் ஹில்டிபிராண்ட் பிராண்டன்பர்க் என்பவர் ஒட்டியது. ஒரு தேவதை கேடயம் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்; கேடயத்தில் ஒரு காளை. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டியது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்தப் புத்தகங்களை அவர் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை என்பது. புக்ஸ்ஹைம் என்ற ஊரின் துறவிகள் மடத்துக்குத் தானமாகக் கொடுத்தார். ஆக, ஆரம்பத்திலேயே இந்தச் சீட்டு ‘என்னுடையது, தொடாதே’ என்று மட்டும் சொல்லவில்லை. ‘நான் கொடுத்தது, படி’ என்றும் சொன்னது. கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இருபது வருஷம் கழித்து ஆல்பிரெக்ட் ட்யூரர் வந்தார். ஐரோப்பிய ஓவிய வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒன்று. நியூரம்பர்க் நகரத்தில் அவருடைய உயிர் நண்பர் வில்லிபால்ட் பிர்க்ஹைமர். பெரிய படிப்பாளி, பெரிய புத்தகப் பைத்தியம். நண்பருக்காக ட்யூரர் மரச்செதுக்கில் ஒரு சீட்டு வடிவமைத்தார். உச்சியில் ஹீப்ரு, கிரேக்கம், லத்தீன் என்று மூன்று மொழி எழுத்துகள். நடுவில் குடும்பச் சின்னங்கள். கூடவே மூன்றே சொல்லில் ஒரு வாசகம்: தனக்கும் தன் நண்பர்களுக்கும்.

அந்த ‘நண்பர்களுக்கும்’ என்ற சொல்தான் அழகு. ஆனால், நண்பர்கள் யார் என்பதைக் காலம்தான் முடிவு செய்தது. பிர்க்ஹைமர் இறந்து நூறு வருஷம் கழித்து, 1636-ல், இங்கிலாந்திலிருந்து வந்த ஏரண்டல் பிரபு அந்த நூலகத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். 1667-ல் அவருடைய பேரன் அதை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்தார். அதன் பிறகும் அது பல கை மாறிச் சிதறியது. இன்று எங்காவது ஒரு புத்தகத்தில் அந்தச் சீட்டைப் பார்த்தால், அது எந்த ஊர் அலமாரியிலிருந்து கிளம்பி எந்தெந்தக் கடலைத் தாண்டியது என்று சொல்லிவிடலாம். சீட்டு இல்லையென்றால் அது வெறும் பழைய புத்தகம்.

இதே காலத்து ஐரோப்பாவின் கேடயச் சின்னங்களைப் பார்க்க லண்டன் போகவேண்டிய அவசியம் இல்லை. பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காட்டுக்குப் பஸ் பிடித்தால் போதும்.

டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் கால்வைத்து, 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அதுதான் அவர்களுடைய தலைமையிடம். கோட்டை இருந்த இடத்தில் இன்று மண்மேடும் புதரும்தான். ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் அப்படியே நிற்கிறது. வாசலிலேயே இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் வரவேற்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போவது நல்லது.

உள்ளே கிடக்கும் கல்லறைப் பலகைகளில் கேடயம், தலைக்கவசம், அதன்மேல் விரியும் இலைச்சுருள், கீழே டச்சு மொழியில் பெயரும் தேதியும். ஒரு பழைய புத்தகச் சீட்டை நூறு மடங்கு பெரிதாக்கிக் கல்லில் அடித்தது போலிருக்கும். இரண்டும் ஒரே கலைதான். காகிதத்தில் செப்புத் தகட்டால் வந்தது, இங்கே உளியால் வந்திருக்கிறது.

செதுக்கியது யார்? சோழமண்டலக் கரையில் செதுக்கிய கல்லறைப் பலகைகள் கப்பலேறி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும்கூடப் போயிருக்கின்றன. டச்சு எழுத்துத் தெரியாத நம் ஊர்க் கல்தச்சர்கள், கையில் கொடுத்த காகிதத்தைப் பார்த்து அட்சரம் பிசகாமல் அடித்துக்கொடுத்தார்கள். கல்லின் கீழே கிடப்பவருக்குப் பெயர் இருக்கிறது. செதுக்கியவருக்கு இல்லை. புத்தகச் சீட்டிலும் பெரும்பாலும் இதே நியாயம்தான். ட்யூரர் போன்றவர்கள் விதிவிலக்கு. சில செதுக்குக்காரர்கள் மட்டும் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடி எழுத்தில் தங்கள் பெயரைப் பொறித்துவிட்டுப் போனார்கள். சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடியோடு தேடுவது அதைத்தான்.

பழவேற்காட்டுக்கும் புத்தகத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1632 முதல் 1642 வரை இங்கே இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு, இந்த நாட்டு மக்களின் வழிபாட்டையும் வழக்கங்களையும் எழுதிவைத்தார். பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்களையும் அதில் சேர்த்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு, 1651-ல் ஹாலந்தின் லெய்டன் நகரில் அது புத்தகமாக வந்தது. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறியது அதுவே முதல் முறை என்று சொல்வார்கள். ஏரிக்கரைக் கிராமத்துப் பேச்சு, ஐரோப்பியப் பிரபுக்கள் சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்கிய காலத்துப் புத்தகம் ஆகிவிட்டது!

சரி, நம் நாட்டில் புத்தகத்தின் சொந்தக்காரர் எப்படித் தன்னை எழுதிக்கொண்டார்?

ஓலைச்சுவடி காலத்தில் அது கடைசி ஏட்டில் இருக்கும். என்ன வருஷம், என்ன மாதம், எந்த நட்சத்திரத்தில் எழுதி முடித்தது, எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், ஏடு யாருடையது என்று சொல்லி, குருவையோ தெய்வத்தையோ வணங்கி முடிப்பார்கள். எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற வேண்டுகோளும் சில ஏடுகளில் இருக்கும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடியபோது, இந்தக் கடைசி ஏட்டுக் குறிப்புகள்தான் ஒரு சுவடி எந்தப் புலவர் வீட்டுப் பரம்பரையிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. அவர் சேர்த்த செல்வம் 1943-ல் ருக்மிணி தேவியின் முயற்சியால் நூலகமாகி, இன்று சென்னை பெசன்ட் நகரில் இருக்கிறது.

முகலாயர்கள் வேறு விதம். நல்ல புத்தகம் அரண்மனைக்கு வந்தால் ஜஹாங்கீரும் ஷாஜஹானும் முதல் ஏட்டில் தங்கள் கையாலேயே தேதி போட்டுக் குறிப்பு எழுதினார்கள். நூலகப் பொறுப்பாளர்கள் முத்திரை குத்தினார்கள். பொன்னும் நீலமுமாகச் சூரியன் போல விரியும் ‘ஷம்சா’ என்ற வட்டச் சித்திரத்தின் நடுவில் மன்னரின் பெயர் வரும். உலகத்தின் அழகான புத்தகச் சீட்டு எது என்று போட்டி வைத்தால், காகிதத் துண்டுகள் எல்லாம் இதற்கு முன்னால் நிற்க முடியாது.

தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி மன்னர் இன்னும் எளிமையானவர். 1798 முதல் 1832 வரை பட்டத்தில் இருந்த அவர், ஐரோப்பாவிலிருந்து மருத்துவம், தாவரம், இசை, ஓவியம் என்று ஆயிரக்கணக்கில் புத்தகம் வரவழைத்தார். வந்த புத்தகத்தில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான். கேடயமும் இல்லை, சிங்கமும் இல்லை. 1918-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சரஸ்வதி மகால் நூலகத்தில் அந்தக் கையெழுத்துகளை இன்றும் பார்க்கலாம். ராஜா என்ற பட்டத்தையும் சேர்த்து எழுதிய அந்தக் கையெழுத்தைப் பார்த்தால், படையும் அதிகாரமும் கம்பெனிக்குப் போய்விட்ட பிறகு ஒரு மன்னருக்குத் தன்னுடையது என்று சொல்ல மிஞ்சியது புத்தகங்கள்தானோ என்று தோன்றும்.

எல்லா ராஜாக்களுக்கும் அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்பு சுல்தானின் நூலகம் கம்பெனியார் கைக்குப் போனது. சுமார் 2,000 கையெழுத்துப் பிரதிகள். 1809-ல் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் அதற்குப் பட்டியல் போட்டு அச்சிட்டார். கல்கத்தா, லண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்று அவை பிரிந்து போயின. புத்தகத்தின் உள்அட்டை பேசும் என்றால், இந்தப் புத்தகங்களின் உள்அட்டைகள் கொஞ்சம் சத்தமாகவே பேசும்.

இந்திய மண்ணின் வாசனை உள்ள ஒரு புத்தகச் சீட்டு 1894-ல் வந்தது. எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்குக்காக அவருடைய அப்பா ஜான் லாக்வுட் கிப்ளிங் வரைந்தார். லாகூர் ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர் அவர். ஒரு யானை, முதுகில் அம்பாரி, அதில் ஒருவர் ஹுக்கா பிடித்தபடி நிம்மதியாகப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். வீட்டு ஈஸிசேரில் சாய்ந்து படிப்பவர்களுக்கே பொறாமை வரும்.

பெண்களின் சீட்டுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐரோப்பியச் சின்ன முறையில் போருக்குப் போகிற ஆணுக்குத்தான் கேடயம். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் விதவைக்கும் சாய்சதுரம், அதாவது சீட்டுக்கட்டில் வரும் டைமன் வடிவம். ஆகவே பழைய சீட்டில் டைமன் வடிவம் இருந்தால், அந்தப் புத்தகத்தை வைத்திருந்தது ஒரு பெண் என்று பெயரைப் படிக்காமலே சொல்லிவிடலாம். பெண்களின் புத்தகச் சீட்டுகளுக்காகவே 1895-ல் லண்டனில் ஒரு தனி நூல் வந்தது. எழுதியவரும் ஒரு பெண், நோர்னா லபூஷேர். சொத்தில் பங்கு கேட்டால் முகம் சுளித்த காலத்தில், ‘இது என் புத்தகம்’ என்று அச்சடித்து ஒட்டிய பெண்கள் அவர்கள்.

இதையெல்லாம் சேகரிக்கும் பைத்தியம் 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பிடித்தது. 1880-ல் லெஸ்டர் வாரன் என்ற பிரபு, புத்தகச் சீட்டுகளை எப்படி வகை பிரிப்பது என்று ஒரு கையேடு எழுதினார். கேடயத்தைச் சுற்றிச் சங்கும் இலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுருண்டிருந்தால் சுமார் 1740 முதல் 1775 வரை, கேடயம் மண்வெட்டித் தகடு போல நேராக இறங்கினால் அதற்குப் பிந்தியது, இப்படி. நகையின் வேலைப்பாட்டைப் பார்த்தே இது எந்தத் தலைமுறை நகை என்று சொல்லும் ஆசாரியைப் போல, சீட்டைப் பார்த்துக் காலம் சொல்லும் வித்தை பிறந்தது. 1891-ல் லண்டனில் சங்கமே வைத்துவிட்டார்கள்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த அகஸ்டஸ் ஃபிராங்க்ஸ் சேர்த்தவை மட்டும் சுமார் 35,000 சீட்டுகள். 1897-ல் அவர் இறந்தபோது எல்லாவற்றையும் அந்த மியூசியத்துக்கே எழுதிவைத்துவிட்டார். பட்டியல் போடவே மூன்று தொகுதிகள் தேவைப்பட்டன.

சேகரிப்பு வந்தால் பின்னாலேயே போலியும் வரும். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தச் சீட்டு உண்டு. 1863-ல் ஓர் ஏலத்தில், யாரோ அதைப் போல அச்சடித்து, சாதாரணப் பழைய புத்தகங்களில் ஒட்டி, வாஷிங்டன் வீட்டுப் புத்தகம் என்று விற்கப் பார்த்தார்கள். குட்டு வெளிப்பட்டுவிட்டது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் விஷயம் வேறு. 1870 ஜூனில் அவர் இறந்ததும், அவருடைய நூலகத்தை வாங்கிய புத்தக வியாபாரி, இது டிக்கன்ஸ் வீட்டுப் புத்தகம் என்று தனியாக ஒரு சீட்டு அச்சடித்து ஒட்டிவிட்டே விற்றார். அவருடைய சொந்தச் சிங்கமும் உள்ளே இருக்கும், வியாபாரியின் சாட்சிச் சீட்டும் இருக்கும். ஒட்டாமல் விட்டிருந்தால் இன்று எது அவர் படித்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

போலியைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு: பிய்ப்பது. சீட்டு வேண்டும், புத்தகம் வேண்டாம் என்பவர்கள் தண்ணீர் காட்டியும் நீராவி காட்டியும் சீட்டை உரித்து ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டார்கள். ஃபிராங்க்ஸ் காலத்திலிருந்தே இது குறித்துச் சண்டை. ஆல்பத்தில் போனதால்தான் இத்தனை சீட்டுகள் பிழைத்தன, இல்லாவிட்டால் மட்கிப்போன புத்தகத்தோடு அவையும் போயிருக்கும் என்பது ஒரு கட்சி. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் உரித்த நிமிஷத்தில் சீட்டு தன் புத்தகத்தை இழக்கிறது. புத்தகம் தன் ஊரையும் பேரையும் இழக்கிறது. பிறகு அந்த இரண்டையும் யாராலும் சேர்த்துவைக்க முடியாது. நூலகர்கள் பக்கம்தான் நியாயம் கனமாக இருக்கிறது. இன்றைய சேகரிப்பாளர்கள் பலர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: புத்தகத்தைத் தொடுவதே இல்லை, உயிரோடிருக்கும் ஓவியர்களிடம் தங்கள் பெயரில் புதுச் சீட்டு செய்யச் சொல்லி, அதைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். கண்ணை ஏமாற்றும் படிக்கட்டுகளை வரைந்த எஷ்ஷர்கூட இப்படிச் சீட்டுகள் செய்து கொடுத்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் ஓவியரும் சேகரிப்பாளரும் ஒரே ஆளாக இருந்த கதை ஒன்று உண்டு. காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தூரிகை பிடித்துச் சம்பாதித்த காசையெல்லாம் பழைய புத்தகத்தில் போட்டார். அவர் வெறும் காவியம், புராணம் மட்டும் சேர்க்கவில்லை. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, சமையல் குறிப்பு, மருத்துவத் துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் குப்பை என்று தூக்கிப்போட்டதை எல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானபோது வீட்டில் சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. நல்லவேளையாக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்து, 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இப்போது தரமணியில் இருக்கிறது.

எழுத்தை அழகாக எழுதுவதே தொழிலாக இருந்த மனிதர், மற்றவர்கள் அச்சடித்த எழுத்தைக் காப்பாற்றினார் என்பது பொருத்தம்தான்.

மறைமலையடிகள் பல்லாவரத்தில் தன் வீட்டு நூலகத்துக்கு ‘மணிமொழி நூல்நிலையம்’ என்று பெயரே வைத்திருந்தார். சுமார் 4,000 புத்தகங்கள். அவருக்குப் பிறகு அது பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ.சுப்பையா பிள்ளை 1958-ல் மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் தொடங்கியதும் அந்தப் புத்தகங்கள் அதன் அடித்தளமாயின. ஒரு மனிதர் என்னென்ன படித்துத் தனித்தமிழுக்கு வந்தார் என்று தெரிந்துகொள்ள அந்த அலமாரியைவிட நல்ல சாட்சி வேறில்லை. அந்தப் புத்தகங்கள் தனித்தனியாக எடைக்குப் போயிருந்தால், ஒன்றிலாவது அவர் பெயர் இருந்தால்தான் அது யாருடையது என்று தெரிந்திருக்கும்.

எடைக்குப் போவது என்று சொன்னதும் நம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

தாத்தா இறந்து ஒரு வருஷம் ஆகும். பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி. வீடு மாற்றும்போதோ பாகம் பிரிக்கும்போதோ பழைய பேப்பர்காரர் வாசலில் தராசோடு நிற்பார். கிலோ இவ்வளவு என்று பேசி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகாது. நகைக்கும் நிலத்துக்கும் நாலு பேரைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்கும் குடும்பம், பெட்டியில் என்ன புத்தகம் என்று திறந்துகூடப் பார்க்காது.

ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி ஒவ்வொன்றின் முதல் ஏட்டையும் திறந்து பாருங்கள். நம் வீடுகளில் செப்புத் தகட்டில் அடித்த சிங்கம் இருக்காது. ஆனால் ரப்பர் ஸ்டாம்பு இருக்கும்: பெயர், ஊர், உத்தியோகம். நகரத்தார் வீடென்றால் விலாச எழுத்துகள். பள்ளிப் பரிசுச் சீட்டு இருக்கும்: இன்ன வகுப்பு, இன்ன வருஷம், கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு என்று. கல்யாணத்துக்கு வந்த நண்பர் எழுதிக் கொடுத்த இரண்டு வரி இருக்கும். ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ இருந்த புத்தகக் கடையின் விரல்நகம் அளவு லேபிள் இருக்கும். ‘தாத்தா அக்கரைக்குப் போயிருந்தாராமே’ என்று சொல்லிக்கொண்டிருந்த கதைக்கு அந்த லேபிள் ஆதாரமாகிவிடும்.

உள்ளதைப் பிய்க்காமல் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒட்டு விட்டுப்போன காகிதத்தை செல்லோடேப் போட்டு ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் அது மஞ்சளாகி, பிசுபிசுத்து, எழுத்தையும் தின்றுவிடும். நூல் பாதுகாப்பாளர்கள் இன்னமும் கோதுமை மாவுச் சத்தில் காய்ச்சிய பசையைத்தான் நம்புகிறார்கள், ஏனென்றால் தேவைப்பட்டால் தண்ணீர் தொட்டு அதை எடுத்துவிடலாம். ஒரே விஷயம், வீட்டில் காய்ச்சிய பசையை அப்பிவைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்தது போலாகும். மெல்லிசாகத் தடவி, முழுக்க உலரவிட்டு, பிறகு அட்டையை மூட வேண்டும். ஏரிக்கரை, கடற்கரை ஊர்களில் ஈரக்காற்று கூடுதல். புத்தகப் பெட்டியைச் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காமல், மாதம் ஒருமுறை திறந்து நிழலில் காற்றாட விட்டால் பூஞ்சணம் அண்டாது.

வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், எடைக்குப் போடும் முன் ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓர் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். புதுக்கோட்டையில் முதல் பதிப்புகளுக்குப் பேர்போன ஞானாலயா இருக்கிறது. 1812-ல் தொடங்கிய மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியில், சிதைந்த பழைய புத்தகம் ஒன்றைத் தத்தெடுத்து அதைச் செப்பனிடும் செலவை ஏற்கும் திட்டமே இருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு கேக்கோடு இதையும் செய்யலாம்.

புதிதாக ஒரு சீட்டு செய்யவேண்டும் என்று ஆசை வந்தால், அதுவும் பெரிய செலவு இல்லை. வீட்டில் படம் வரையும் பிள்ளையிடம் ஒரு அட்டையைக் கொடுங்கள். பழவேற்காட்டுப் பிள்ளைகள் பூநாரையும் படகும் வரைவார்கள். அந்த ஏரியில் இன்று யார் எந்த இடத்தில் வலை வைப்பது என்பதையே ‘பாடு’ என்று முறைவைத்து ஊர்கூடிப் பங்கிட்டுக்கொள்கிற மக்கள் அவர்கள்; பிர்க்ஹைமரின் ‘நண்பர்களுக்கும்’ என்ற சொல்லை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மற்றவர்கள் வீட்டு வேப்பமரத்தையோ பூனையையோ வரையலாம். கீழே பெயர், ஊர், வருஷம். ஜெராக்ஸ் கடையில் நல்ல கெட்டித் தாளில் ஒரு பக்கத்துக்கு எட்டாக அடித்து வெட்டிக்கொள்ளலாம்.

வருஷத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். பெயர் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.